பேட்மேன் "தி கல்ட்": அவ்வளவு மன உறுதி உள்ளவர் எப்படி உடைந்தார்?

கேள்வி: மழைக்காகம்

"பேட்மேன்: தி கல்ட்" காமிக்ஸை இப்போதுதான் படித்து முடித்தேன். 1988-இல் நான்கு பாகமாக வந்தது. கதை ஜிம் ஸ்டார்லின், ஓவியம் பெர்னி ரைட்சன். டீக்கன் பிளாக்ஃபயர் என்ற சாமியார் கோதம் நகரத்துப் பாதாளச் சாக்கடைக்குள் பேட்மேனைச் சங்கிலியில் கட்டிப் பட்டினி போட்டு, மருந்து கொடுத்துத் தன் ஆளாகவே ஆக்கிவிடுகிறார். எனக்கு இதுதான் இடிக்கிறது. உடம்பையும் மனசையும் பழக்குவதிலேயே காலத்தைக் கழித்தவர் இவ்வளவு சீக்கிரம் விழுவாரா? கதைக்காக வளைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. முடிவைச் சொல்லியே பேசலாம்.

பதில்: பாலாற்றங்கரை

வளைக்கவில்லை என்பேன். முதல் இரண்டு பாகங்களைத் திரும்பவும் புரட்டுங்கள். பிளாக்ஃபயர் பேட்மேனிடம் புதிதாக எதையும் திணிப்பதில்லை. அவருடைய ஆட்கள் மேலே போய் வழிப்பறிக்காரர்களையும் ரவுடிகளையும் தீர்த்துக்கட்டுகிறார்கள். தெருவில் குற்றம் குறைகிறது, ஜனங்களும் ஆதரிக்கிறார்கள். பெற்றோரைத் தெருவில் பறிகொடுத்த ஒருவர் வாழ்நாளெல்லாம் கேட்ட வரம் அல்லவா அது? 'கொல்லமாட்டேன்' என்ற ஒரு கோடு மட்டும்தான் நடுவில் நிற்கிறது. பசியும் தூக்கமின்மையும் மருந்தும் சேர்ந்து அந்தக் கோட்டைத்தான் அழிக்கின்றன.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா குடித்தே செத்தவர். அவர் மகன், நல்ல படிப்பாளி, குடிகாரர்களைத் திருத்துகிறோம் என்று சொன்ன ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தார். அண்ணனை எப்படிப் பிடித்தார்கள் என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை, அவருக்கு வேண்டியதைத்தான் காட்டினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவார்கள். பகலெல்லாம் வேலை, ஒருவேளை கஞ்சி. ராத்திரி எல்லார் முன்னாலும் தன் குற்றங்களைச் சொல்ல வேண்டும். பெரியம்மா போட்ட கடிதம் எதுவும் அவர் கைக்குப் போகவில்லை. "படித்த பையன் ஏமாந்துவிட்டானே" என்று ஊர் பேசியபோது எனக்கு ஆத்திரம் வந்தது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961-இல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற மூளைச்சலவைக்கு ஆளாகி வெளியே வந்தவர்களிடம் ஹாங்காங்கில் உட்கார்ந்து பேசியவர் அவர். வெளியுலகச் செய்தியை அடைப்பது, குற்றத்தை ஒப்புக்கொள்ளவைப்பது, யார் வாழத் தகுந்தவர் என்று குழுவே தீர்மானிப்பது உட்பட எட்டு அடையாளங்களைச் சொல்கிறார். கடைசியாகச் சொன்னதுதான் பிளாக்ஃபயரின் தொழிலே.

என்னைக் கலங்கடித்தது பிடிபட்ட பகுதிகூட இல்லை, தப்பிய பிறகு வருவது. பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின், அதாவது ஜேசன் டாட், உள்ளே புகுந்து அவரை மீட்கிறான். பிணங்கள் குவிந்து கிடக்கும் இடம் வழியாக இருவரும் வெளியேறுகிறார்கள். வெளியே வந்ததும் பேட்மேன் பழைய ஆளாகிவிடுவதில்லை. மாயக்காட்சிகள் வருகின்றன, பயப்படுகிறார், நகரத்தைக் கைவிட்டுவிடலாம் என்றே நினைக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகும் சோற்றில் கைவைக்க யாராவது 'சாப்பிடு' என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட எனக்கு மிகையாகப் படவில்லை.

பதில்: கூகை

மேலே சொன்னதோடு ஓவியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வாம்ப் திங் என்ற சதுப்புநில அசுரப் பாத்திரத்தை எழுத்தாளர் லென் வெய்னோடு சேர்ந்து உருவாக்கியவர் ரைட்சன், திகில்தான் அவருடைய ஊர். இதில் பேட்மேனின் முகத்தைக் கவனியுங்கள்: தாடி முளைத்து, கண் செருகி, முகமூடியே கிழிந்த துணி மாதிரி தொங்கும். பில் ரேயின் வண்ணங்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணைக் குத்தும். எது நடப்பது, எது மாயம் என்று நமக்கே பிடிபடாது.

ஸ்டார்லினுக்கும் இது புதுசில்லை. 1975-இலேயே வார்லாக் என்ற மார்வெல் காமிக்ஸ் நாயகனின் கதையில் ஒரு மதபீடத்தைக் கொண்டுவந்தார். அதன் கடவுளான மேகஸ் யாரென்று பார்த்தால், நாயகனின் எதிர்கால உருவமே!

பதில்: தெற்குவாசல்

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிளாக்ஃபயரின் படையில் இருப்பவர்கள் வீடில்லாத ஏழைகள். அவர்கள் ஏன் அங்கே போனார்கள்? சோறும் இடமும் கிடைத்ததால். கதை இதைச் சொல்லிவிட்டு உடனே அவர்களை வெறும் கொலைக்கூட்டமாக்கிவிடுகிறது. அமெரிக்க நகரங்களில் வீடில்லாதவர்கள் பெருகிய 80-களில் இப்படி எழுதியது நியாயமே இல்லை. நான்காம் பாகத்தில் ராட்சத டயர் போட்ட பேட்மொபைலில், அதாவது பேட்மேனின் வண்டியில், வந்து மயக்க ஊசியால் சுடுவதும் அதுவரை கட்டிய கனத்தைக் குறைக்கிறது.

மழைக்காகம்

பாலாற்றங்கரை அண்ணா, நன்றி. அந்தக் கோடு பற்றிச் சொன்னது புரிகிறது. அப்படியானால் கடைசியில் பிளாக்ஃபயர் "என்னைக் கொல்" என்று கேட்கும்போது பேட்மேன் மறுப்பதும் அதனால்தானா?

பாலாற்றங்கரை

ஆமாம் தம்பி. பேட்மேன் கையால் செத்தால் அவர் தியாகியாகிவிடுவார், கோடும் ஒரேயடியாகப் போய்விடும். அதனால் சீடர்கள் கண்முன்னே அடித்து, அவரும் சாதாரண மனிதர்தான் என்று காட்டுகிறார். அப்புறம் அந்தச் சீடர்களே அவரைக் கிழித்துப்போடுகிறார்கள். தெற்குவாசல் சொன்ன குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன், அந்த ஜனங்களுக்கு அதன்பிறகு என்ன ஆனது என்று இன்னும் சில பக்கங்கள் எழுதியிருக்கலாம்.