புதுப்பிப்பு: ரன்னிட்டில் செத்துப் பிழைத்த டேட்டாபேஸ்

பழைய லேப்டாப்பில் வாய்ட் லினக்ஸ் போட்டு, சேவைகளைக் கிளப்பிக் கண்காணிக்கும் வேலைக்கு சிஸ்டம்டியை விட்டு ரன்னிட்டுக்கு மாறினேன், டேட்டாபேஸ் நொடிக்கொருமுறை செத்துப் பிழைக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

ரன்னிட்டில் டேட்டாபேஸ் போன்ற ஒவ்வொரு சேவைக்கும் 'ரன்' என்று ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு). அது கிளப்பும் நிரல் முன்னணியிலேயே, அதாவது ஸ்கிரிப்ட்டை விட்டுப் பிரியாமல், ஓட வேண்டும். நான் பின்னணிக்கு அனுப்பும் ஆப்ஷனை எடுக்காமல் விட்டிருந்தேன். நிரல் பின்னால் நழுவியதும் ஸ்கிரிப்ட் முடிந்தது. ரன்னிட் அதைச் சாவு என்று நினைத்து மறுபடி கிளப்பியது. புதிதாக வந்தது, இணைப்புகளை ஏற்கும் போர்ட்டை பழையது ஏற்கெனவே பிடித்திருப்பதைப் பார்த்து விழுந்தது. அப்புறம் அதே கூத்து.

ஆப்ஷனை நீக்கி, வரியின் தொடக்கத்தில் 'எக்ஸெக்' (ஷெல்லின் இடத்தில் நிரலையே உட்காரவைக்கும் கட்டளை) சேர்த்தேன், அடங்கிவிட்டது. எக்ஸெக் இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும். நிரல் அனாதையாக ஓடிக்கொண்டிருக்கும்.

சிஸ்டம்டி சிகுரூப்பை (ஓடும் நிரல்களைக் குழுவாகக் கட்டும் லினக்ஸ் வசதி) வைத்துக் கண்காணிப்பதால், நழுவிய நிரலும் அதன் பிடியில்தான் இருக்கும். சரி, இந்த இடத்தில் அதற்கே என் ஓட்டு. எந்தச் சேவைக்கு எது தேவை என்ற சார்புநிலையைச் சொல்லவும் ரன்னிட்டில் தனி வழி இல்லை. இதே வேலையைச் செய்யும் ஓபன்ஆர்சியில் 'நீட்' என்று ஒரு சொல் போதும்.

ஆனாலும் லேப்டாப்பில் ரன்னிட்தான். சர்வரைத் தொடப்போவதில்லை.