கோர்ட்டை விட்டுப் புதுப்பாளையம் வந்தவர்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

போன வாரம் நம் குழுவில் ராஜாஜியைப் பற்றி எழுந்த பேச்சு அவர் முதல்வராக இருந்து 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தோடு நின்றுவிட்டது. அந்தத் திட்டம் தவறுதான். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது என்னைப் போன்ற குடியானவன் வீட்டுப் பிள்ளையைக் காட்டோடு நிறுத்தியிருக்கும். ஆனாலும் திருச்செங்கோட்டுக்காரர்கள் அவர் கதையை அங்கே தொடங்கக் கூடாது.

1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர் அவர். பெயரும் வருமானமும் குவிந்தன. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். பக்கத்து ஈரோட்டில் அப்போது அதே பதவியில் இருந்த பெரியார் அவருக்கு நெருங்கிய நண்பர். ஒத்துழையாமை இயக்கத்தில் கோர்ட்டை விட்டவர், 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் நம் புதுப்பாளையத்துக்கு வந்து காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் குடும்பத்தோடு தங்கினார்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் காட்டில் கூலி கிடையாது. என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ராட்டினத்தில் நூற்ற நூலைச் சிட்டமாக, அதாவது நூல் சுருளாகக் கட்டி, மடியில் முடிந்துகொண்டு ஆசிரமத்துக்கு நடந்தே போவாராம். எடை போட்டுக் காசும், அடுத்த வாரத்துக்குப் பஞ்சும் கொடுப்பார்களாம். அந்தக் காசு கள்ளுக்கடைக்குப் போகாமல் காப்பதுதான் பெரும்பாடு என்பார்.

ஆசிரமத்திலிருந்தே மதுவை எதிர்த்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. கல்கி அதில் பணியாற்றினார். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதல்வர் பதவியை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), அக்டோபர் 1 முதல் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். நம் ஊர் அன்று சேலம் மாவட்டம். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டே விவசாயிகளின் கடன்சுமையைக் குறைக்கச் சட்டம் இயற்றியிருந்தார். புதுப்பாளையத்தில் கண்ணெதிரே பார்த்த கள்ளும் கடனும் அவரோடு கோட்டை வரை போயின என்றே நான் நம்புகிறேன்.

வைகாசித் தேருக்கு ஊர் போகிறவர்கள் ஒரு காலை நேரம் ஒதுக்கி ஆசிரமத்துக்குப் போய் வாருங்கள். வீட்டுப் பரணில் பழைய ராட்டினமோ, நூல் கூலிச் சீட்டோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாயியின் ராட்டினத்தில் நூல் சுற்றும் கம்பியான கதிர் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் படத்தை நாளை அனுப்புகிறேன்.