தண்டர் சைல்ட் போர்க்கப்பல் மாடல்: முழு உடலா, நீர்மட்டத்துக்கு மேல் மட்டுமா?

செல்லூர்_வாசகன்:
வணக்கம். எச்.ஜி.வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ (1898) நாவலில் வருகிற தண்டர் சைல்ட் கப்பலைக் கிட் இல்லாமல் முழுக்கக் கையால் செய்யப் போகிறேன். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கரையில் அகதிகளை ஏற்றிக்கொண்டு நீராவிக் கப்பல்கள் தப்பி ஓடும்போது, கடலுக்குள் இறங்கி வரும் செவ்வாய்க் கிரகவாசிகளின் மூன்று நெடுங்கால் எந்திரங்களை நோக்கி நேராகப் போகுமே, அந்தக் கப்பல். காலேஜ் நாளிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெல்ஸ் அளவு எதுவும் சொல்லவில்லை. டார்பிடோ ராம் வகை (எதிரிக் கப்பலை முட்டி உடைக்கவும், நீருக்குள் பாயும் டார்பிடோ குண்டு ஏவவும் கட்டியது), நீரோடு தாழ்ந்த உடல், மேலே இரும்புக் கட்டுமானம், இரட்டைப் புகைபோக்கி, அவ்வளவுதான். பிரிட்டிஷ் கடற்படையான ராயல் நேவி கட்டிய ஒரே டார்பிடோ ராம், 1881-இல் சாத்தமில் நீரில் இறக்கிய பாலிஃபீமஸ். அதன் அளவையே எடுத்துக்கொண்டேன்: நீளம் 240 அடி, அகலம் 40 அடி. 1:144-இல், அதாவது நிஜ அளவில் 144-இல் ஒரு பங்காக, சரியாக 20 அங்குலம் வருகிறது, வீட்டு ஷெல்ஃபில் அடங்கும்.

கேட்க வேண்டியது இதுதான். கப்பலை அடிப்பாகத்தோடு செய்வதா, நீர்மட்டத்தோடு வெட்டிக் கடலில் வைப்பதா? படங்களில் பெரிய பீரங்கிக் கோபுரங்கள் வரைகிறார்களே, அவை வேண்டுமா? மாடல் செய்ய எடுக்கும் லேசான பால்சா மரத்துக்கு ஆன்லைனில் கேட்கிற விலைக்கு மனசு வரவில்லை, வேறு என்ன மரம் எடுக்கலாம்?

கீழவாசல்காரன்:
நீர்மட்டத்தோடு வெட்டுங்க நண்பா, கடல் இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. கண்ணாடிக் கடையில் கிடைக்கும் தெளிவான சிலிக்கானைத் தடவி, காய்வதற்கு முன் குச்சியால் இழுத்தால் அலை நன்றாக வரும். எந்திரத்தின் கால்களுக்குப் பழைய குடைக்கம்பி. அவற்றின் உயரம் நூறு அடி கிட்ட என்று நாவலிலேயே ஒரு செய்தித்தாள் சொல்கிறது, உங்க அளவில் எட்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். கப்பல் பக்கத்தில் நிறுத்தினால் பயமாகவே இருக்கும்.

பட்டறை_தாத்தா:
தம்பி, நான் ஃபவுண்டரிக்கு மர அச்சு செய்தே காலம் கழித்தவன். முழு உடலாகவே செய்யுங்கள்.

இந்தக் கப்பலின் ஆயுதமே அதன் உடம்புதான். முகப்பில் முட்டுகிற கூர்மூக்கு நீருக்கு அடியில் இருக்கிறது. பாலிஃபீமஸில் அந்த மூக்குக்குள்ளேயே ஒரு டார்பிடோ குழாய், பக்கத்துக்கு இரண்டாக இன்னும் நான்கு. 1885-இல் அயர்லாந்தின் பெர்ஹேவன் பயிற்சியில் துறைமுகத் தடுப்பை அது முட்டி உடைத்துக்கொண்டே உள்ளே போனது. வெல்ஸ் கப்பலும் முதலில் சுடாமல் முழு வேகத்தில் பாய்கிறது. எரிந்துகொண்டே போய் இரண்டாவது எந்திரத்தையும் சாய்க்கிறது. மூக்கை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை மேஜையில் வைத்தால் அது எப்படித் தண்டர் சைல்ட் ஆகும்?

கோபுரம் வேண்டாம். பாலிஃபீமஸில் பெரிய பீரங்கியே கிடையாது, சிறிய நார்டன்ஃபெல்ட் துப்பாக்கிகள்தான். நாவலில் குண்டு வெடிக்கும் சத்தம் வருகிறது, அதற்கு இரண்டு சிறு பீரங்கிகளை மேல்தளத்தில் வையுங்கள், போதும்.

மரத்துக்குக் குமிழ மரம் பாருங்கள். உளிக்கு இணங்கும், லேசில் வெடிக்காது. மர அறுவைப் பட்டறையில் துண்டாகக் கேட்டு வாங்கி 8 மி.மீ. பலகையாக இழைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மட்டத்தின் உருவத்தையும் தனித்தனியாக வரைந்து அறுத்து, ஆறேழு அடுக்காக ஃபெவிகாலில் ஒட்டி ஒரு ராத்திரி கிளாம்பில் விடுங்கள். பிறகு படிப்படியாகத் தெரியும் விளிம்பை உளியால் சீவ வேண்டும். படி மறையும் இடத்தில் கையை நிறுத்துங்கள், அதுதான் உண்மையான வளைவு. இருபுறமும் ஒன்றாக வருகிறதா என்று அட்டையில் வெட்டிய அச்சை வைத்து அடிக்கடி பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். மேல்பக்கம் ஆமை ஓடு போல வளைந்து இறங்கும், தட்டையாக விட்டுவிடாதீர்கள். உப்புத்தாள், அப்புறம் கார் பட்டறையில் பூசுகிற பட்டி, மறுபடி உப்புத்தாள். மூக்கை மட்டும் எம்-சீலில் (பிசைந்து ஒட்டினால் இறுகும் பசை) பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தில் அந்த முனை நிற்காது.

செல்லூர்_வாசகன்:
முழு உடல்தான் தாத்தா, முடிவு செய்துவிட்டேன். கீழவாசல் நண்பரின் எந்திரமும் வரும், தனி ஸ்டாண்டில். நிறம் சாம்பலா?

பட்டறை_தாத்தா:
வேண்டாம். பிரிட்டிஷ் கடற்படை சாம்பலுக்கு மாறியது 1902, 1903 வாக்கில். வெல்ஸ் எழுதிய காலத்துக் கப்பல்களுக்கு உடல் கறுப்பு, மேல்கட்டு வெள்ளை, புகைபோக்கியும் கொடிமரமும் வெளிர் மஞ்சள். புகைபோக்கிக்கு பிவிசி பைப் எடுத்தால் முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.