டிஸ்க் பிளேயர் வாங்க ஆலோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். அப்பா சேர்த்துவைத்த டிவிடிகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. பழைய பிளேயர் சென்ற வாரம் கைவிட்டுவிட்டது. டிஸ்க்கை உள்ளே இழுக்கிறது, படிப்பதில்லை.

வீட்டில் இருப்பது 4கே தொலைக்காட்சி. டிவிடியின் படத்தில் உள்ளவையோ மேலிருந்து கீழாக 480 அல்லது 576 வரிகள்தாம். அவற்றை 2160 வரிகளுக்கு விரிக்கும்போது முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடக் கூடாது. என் முதல் கவலை இதுதான். அதற்குச் சாதாரண புளூ-ரே பிளேயர் போதுமா, 4கே புளூ-ரே பிளேயரே வாங்கிவிடலாமா?

4கே டிஸ்க்குகளுக்கு மண்டலக் குறியீடு (எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் குறியீடு) கிடையாது. ஆனால் அப்பாவின் டிவிடிகள் வெவ்வேறு மண்டலங்களைச் சேர்ந்தவை. எல்லாவற்றையும் ஏற்கும் மாடல் எது? டால்பி விஷன் (படத்தின் ஒளியையும் நிறத்தையும் மேம்படுத்தும் நுட்பம்) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டிஸ்க் சுழலும் இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும். பயன்படுத்தியவர்கள் மாடல் பெயருடன் சொல்லுங்கள்.