மறு: பொயிலர், சிலிண்டர் – கொதிகலன், உருளை என்றே விடலாமா?

குழும உறவுகளுக்கு வணக்கம்.

லண்டன் அக்கா போன கிழமை கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதியது மகிழ்ச்சி. அங்குள்ள தமிழ் முதியோருக்காக அவர் ஒரு கையேடு எழுதுகிறார். வீட்டைச் சூடாக்கும் பொயிலர் பழுதானால் புதிதாக எதை வாங்குவது, சுடுதண்ணீர் சிலிண்டரோடு எது பொருந்தும் என்ற பகுதிக்குச் சொற்கள் வேண்டும். 'கொதிகலன்', 'உருளை' என்று வைத்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

கொதிகலன் என்றால் எங்கள் பக்கத்தில் அரிசி ஆலைதான் நினைவுக்கு வரும். உமியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியில் நெல் அவிப்பார்கள். அங்கே அந்தச் சொல் சரி, தண்ணீர் உண்மையாகவே கொதிக்கிறது. ஆனால் இங்கிலாந்து வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் தண்ணீர் கொதிப்பதே இல்லை. 50 முதல் 75 பாகை வரை சூடாகி, அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர்களைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். உண்மையில் கொதித்தால் அது பழுது. ஆங்கிலத்தில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது என்பதற்காக நாமும் அந்தப் பிழையைச் சுமக்க வேண்டியதில்லை.

இதை நான் அகராதியை வைத்துக்கொண்டு சொல்லவில்லை. என் அம்மா ஒரு குளிர்காலம் இங்கிலாந்தில் தம்பி வீட்டில் இருந்தா. போன புதிதில் யாரோ தமிழில் விளக்குவதாக நினைத்து 'கொதிகலன்' என்று சொல்லிவிட்டார்கள். "ஆலையில இருக்கிறதோ? வீட்டுக்குள்ளயோ? வெடிச்சா என்ன செய்யிறது?" என்று கேட்டு, அந்த அறைப்பக்கமே போகாமல் இருந்தா. வன்னியில் 2009 வரை இருந்து வந்த ஒரு மனுசிக்கு வெடிக்கும் என்ற எண்ணம் லேசானதல்ல. கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் அம்மாவைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

> 'சுடுகலன்' என்று வைக்கலாமே, சுருக்கமாக இருக்கிறது

கோவை ஐயா எழுதிய இந்தச் சொல், இலக்கணப்படி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா, எங்கள் பக்கத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது: துப்பாக்கி. போர்க்காலத்தில் புழங்கிய சொல். வீட்டுக்குள் பொருத்தும் ஒரு பொருளுக்கு அந்தப் பெயரை வைக்க என்னால் முடியாது. 'சூடேற்றி' என்பதுதான் என் முன்மொழிவு, முழுமையாகச் சொன்னால் 'வீட்டுச் சூடேற்றி'. செய்கிற வேலையை மட்டும் சொல்கிறது. யாரையும் பயப்படுத்தாது.

அடுத்தது சிலிண்டர். 'உருளை' என்பது வடிவத்தின் பெயர். எங்கள் கடைகளில் சிலிண்டர் என்று கேட்டால் சமையல் எரிவாயுதான் வரும், 'உருளை' என்றால் சிலருக்குக் கிழங்கு நினைவுக்கு வரும். இந்தப் பொருளின் வேலை சூடான தண்ணீரைத் தாங்கி வைத்திருப்பது. அதற்கு எங்களிடம் நல்ல சொல் இருக்கிறது: தாங்கி. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த அந்த நீர்த்தாங்கியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். ஆகவே 'சுடுநீர்த் தாங்கி'. தமிழ்நாட்டு நண்பர்கள் 'வெந்நீர்த் தொட்டி' என்பீர்கள், ஆனால் தொட்டி என்றால் மேலே திறந்திருப்பது என்ற எண்ணம் வருகிறது. இங்கே அது பிழையாகப் போகும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி வகைகள். தேர்வு செய்பவருக்கு உண்மையில் உதவப்போவது இந்தப் பகுதிதான், எனவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலாவது, தாங்கியே இல்லாமல், குழாயைத் திறந்தவுடன் ஓடுகிற தண்ணீரையே சூடாக்கித் தருவது. 'கொம்பி' என்கிறார்கள். இதன் எல்லையைக் கணக்குப் போட்டே காட்டலாம். 30 கிலோவாற்று வலு, ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த 4.2 கிலோயூல், குளிர்காலத் தண்ணீரை 35 பாகை உயர்த்த வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லீற்றர்தான் வரும். ஒருவர் குளிக்கத் தாராளம். மேலே ஒருவரும் கீழே ஒருவரும் ஒரே நேரத்தில் குளித்தால் ஆளுக்கு 6. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கூடி வாழும் எங்கள் வீடுகளில் இந்த இடத்தில்தான் சண்டை தொடங்கும்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: கொம்பி என்பது குழாய்க் கிணறு, மோட்டரைப் போட்டால் அது இறைக்கிற அளவுதான் வரும். சுடுநீர்த் தாங்கி என்பது குளம். முதலே நிரப்பி வைத்தால் துருசை, அதாவது மதகை, திறக்கிறபோது வேண்டிய அளவு பாயும், ஆனால் வற்றினால் மறுபடி நிரம்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். 200 லீற்றர் தாங்கியை 10 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர 42,000 கிலோயூல் வேண்டும். 18 கிலோவாற்றுச் சூடேற்றிக்கு அது ஏறத்தாழ 40 நிமிட வேலை, தாங்கிக்குள் இருக்கிற சுருட்குழாய் அவ்வளவு வெப்பத்தையும் கடத்தும் என்றால்.

இதனால்தான், "தாங்கி வைப்பதென்றால் 40 கிலோவாற்று எடுங்கள்" என்று கனடாத் தம்பி எழுதியதை ஏற்க முடியவில்லை. பெரிய வலு கொம்பிக்குத்தான் தேவை, அது ஓடும் தண்ணீரைச் சூடாக்குகிறது. தாங்கி இருந்தால் சூடேற்றியின் வலுவைத் தீர்மானிப்பது வீடு இழக்கும் வெப்பம். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் அடிக்கடி எரிந்து அணையும். காசும் வீண், பொறியும் கெதியில் தேயும்.

தாங்கியோடு சேர்வன இரண்டு. ஆங்கிலத்தில் 'சிஸ்ரம்' என்று ஒன்று, 'ரெகுலர்' என்று மற்றது. 'அமைப்புக் கொதிகலன்', 'வழக்கமான கொதிகலன்' என்ற மொழிபெயர்ப்புகளைப் படித்து எவருக்கும் எதுவும் விளங்காது. முதல் மடலில் நான் 'மூடுசுற்று', 'திறந்தசுற்று' என்று எழுதினேன். இரண்டாவது வகையையும் வெளியே ஒரு விரிவுக்கலம் (சூட்டில் பெருக்கும் தண்ணீருக்கு இடம் தரும் கலம்) பொருத்தி மூடிய சுற்றில் ஓட்டலாம் என்று கோவை ஐயா திருத்தினார். அவர் சொன்னது சரி, அந்தச் சொற்களை மீளப் பெறுகிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வைத்தே பெயர் வைப்போம். பம்பியும் விரிவுக்கலமும் உள்ளேயே இருப்பது 'நிறைசூடேற்றி'. சூடாக்குவதை மட்டும் செய்து, மற்றவற்றை வெளியே விடுவது 'தனிச் சூடேற்றி'. இந்த இரண்டாவதற்குப் பெரும்பாலும் கூரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். பழைய வீட்டில் குழாய்களும் பழையவை, அதிக அமுக்கம் தாங்காது என்றால் இதை மாற்றாமல் விடுவதே நல்லது.

தாங்கியிலும் இரண்டு வகை. ஆங்கிலத்தில் 'அன்வென்ரட்' என்பதை யாரோ 'காற்றோட்டமில்லா உருளை' என்று எழுதியிருந்தீர்கள். காற்றோட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி, மேலே குழாய் திறந்திருப்பது 'திறந்த தாங்கி'. வீதிக் குழாயின் அமுக்கம் நேரே வந்து சேர்வது 'மூடிய தாங்கி'. 'தொட்டி' வேண்டாம் என்றது இதற்காகத்தான். மூடிய தாங்கியில் குளிப்பறைக்கு நல்ல வேகம் வரும், ஆனால் வீதிக் குழாயிலேயே வேகம் இல்லாவிட்டால் அதை வாங்கிப் பயனில்லை. வாங்குமுன் ஒரு வாளியும் மணிக்கூடும் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று அளக்கும்படி கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள் அக்கா.

200 லீற்றர் தண்ணீர் 10 பாகையிலிருந்து 60 ஆனால் 3 லீற்றருக்கு மேல் பெருக்கும். மூடிய தாங்கியில் அது போக இடம் வேண்டும். விரிவுக்கலம் அதற்குத்தான். அதையும் மீறிச் சூடோ அமுக்கமோ கூடினால் தானே திறந்து தண்ணீரை வெளியேற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. 'பாதுகாப்பு வால்வு' என்று எழுதலாம்தான். எனக்கு 'வான்வால்வு' பிடித்திருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்ததை இங்கே எல்லோரும் அறிவார்கள். நீர் மிஞ்சினால் அதை வெளியே விட்டுக் குளக்கட்டைக் காப்பது வான். அந்த வால்வை அடைத்துவிடக் கூடாது என்று நூறு தரம் சொல்வதைவிட, வன்னி ஆளுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். தமிழ்நாட்டில் 'வான்' என்றால் ஆகாயம் மட்டும்தானா? கலிங்கு என்ற சொல் உங்களிடம் இருப்பது தெரியும், ஆனால் 'கலிங்கு வால்வு' வாயில் நிற்கவில்லை.

இன்னொன்று, புகையிலுள்ள நீராவியை நீராக்கி அதன் மறைவெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை, ஆங்கிலத்தில் 'கொண்டென்சிங்'. இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் புதிய எரிவாயுச் சூடேற்றிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்க வேண்டும். 'அடர்வு' என்ற மொழிபெயர்ப்பு பிழை. எங்கள் பாடநூல்களில் ஆவி நீராவது 'ஒடுங்கல்', எனவே 'ஒடுக்கற் சூடேற்றி'. திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் ஒடுங்கல் நடக்கும். றேடியேற்றர்களுக்குச் சூட்டைக் குறைத்து வைத்தால் எரிபொருள் மிச்சம். ஆனால் தாங்கியைக் குறைத்து வைக்கக் கூடாது. லெஜியோனெல்லா என்ற கிருமி இளஞ்சூட்டில் பெருகும், 60 பாகையில் சேமிக்க வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு சூடு வைக்கக்கூடிய கட்டுப்பாடு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

கொம்பிக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்புகிற சொல் கிடைக்கவில்லை. 'உடன்சூடேற்றி' என்றால் 'கூடவே சூடாக்குவது' என்றும் படிக்கலாம். 'தாங்கியில்லாச் சூடேற்றி' தெளிவு, ஆனால் நீளம். மேலே உள்ள சொற்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். அவவுக்கு எது விளங்கவில்லை என்பதை அடுத்த மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து