பெரியப்பாவின் 14 இசைத்தட்டுகள்: சோல் இசைச் சேகரிப்பைக் குறைந்த செலவில் எப்படித் தொடர்வது?

டோம்பிவிலிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா தூத்துக்குடிக்காரர். இளம் வயதிலேயே மும்பைக்கு வந்து, சரக்குக் கப்பல்களில் எந்திர அறையில் வேலை பார்த்தவர். கடந்த மாதம் செம்பூரில் அவர் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, பரணில் ஒரு சதுர பிஸ்கட் டின்னுக்குள் 14 சிறிய இசைத்தட்டுகள் கிடைத்தன. எல்லாம் ஏழு அங்குலத் தட்டுகள். ஒன்றுக்கும் படம் போட்ட உறை இல்லை, பழுப்பேறிய காகித உறைதான். அவர் வீட்டில் நாங்கள் கேட்டதெல்லாம் டி.எம்.எஸ்.சும் சீர்காழியும்தான் என்பதால், இவற்றை அவர் எப்போதாவது கேட்டாரா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

லேபிள்களை வாசித்துப் பார்த்ததில், இரண்டு தட்டுகளில் ஓ. வி. ரைட் என்ற பெயரும் பேக் பீட் என்ற கம்பெனிப் பெயரும் இருக்கின்றன. ஒன்றில் மினிட் என்று இருக்கிறது, பாடியவர் இர்மா தாமஸ். இணையத்தில் தேடிய பிறகுதான் இவை சோல் இசை, அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை, என்று தெரிந்தது. எங்கள் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்தேன். தட்டின் நடுத்துளை மிகப் பெரியதாக இருந்ததால், கண்ணளவில் நடுவில் வைத்து ஓட விட்டேன். பாட்டு அலையில் ஆடும் தோணியைப் போல மேலும் கீழும் போயிற்று. அந்த நிலையிலும் அந்தக் குரல் என்னைப் பிடித்துக்கொண்டது.

இவற்றுக்கு விலை உண்டா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை, நான் விற்கப் போவதில்லை. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் செலவிட முடியாத ஒருவர், மும்பையில் இருந்துகொண்டு, அரிய சோல் தட்டுகளைச் சேகரிப்பது நடக்கிற காரியமா? நடக்குமென்றால் யாரிடமிருந்து தொடங்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பி பக்கம் (மாட்டுங்கா):

தம்பி, அந்தத் துளையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டைக் கொண்டுவந்தபோது, தட்டுகளைத் தானாக மாற்றும் தன்னுடைய எந்திரத்துக்காகச் சுமார் 38 மில்லிமீட்டர் துளையை வைத்தது. அமெரிக்கா அதையே பிடித்துக்கொண்டது. நம் வீடுகளில் இருந்த எச்.எம்.வி. இ.பி.களுக்குச் சிறிய துளைதான். நடுவில் வைக்கும் அடாப்டர் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கும்வரை எந்தத் தட்டையும் ஓட்ட வேண்டாம். நடுவம் விலகிய தட்டு பாட்டைக் கெடுப்பதோடு ஊசியையும் பக்கவாட்டில் இழுத்து அலைக்கழிக்கும்.

அடுத்ததாக ஒரு கேள்வி. உங்கள் பெரியப்பாவின் கப்பல் ஹூஸ்டனுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் போனதுண்டா? பேக் பீட் என்பது டான் ரோபி என்பவர் ஹூஸ்டனில் நடத்திய கம்பெனி. 1973இல் அவர் தன் கம்பெனிகளை ஏ.பி.சி. நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மினிட் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்தது. இரண்டும் துறைமுக நகரங்கள். அவர் தேடிப் பிடித்து வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. கரையிறங்கிய ஊரில் கண்ணில் பட்டதை வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து சோல் இசை அப்படித்தான் ஊருக்கு ஊர் ஒரு சிறு கம்பெனியாக, அந்தந்த ஊர் வானொலியையும் ஜூக்பாக்ஸையும் நம்பி வளர்ந்தது. மெம்பிஸில் ஸ்டாக்ஸும் ஹையும், டெட்ராய்ட்டில் மோட்டவுன், சிகாகோவில் பிரன்ஸ்விக்கும் டாகரும், மயாமியில் ஆல்ஸ்டன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ரைட்டின் பிற்காலத்து பேக் பீட் பாட்டுகள் மெம்பிஸில் வில்லி மிட்செலின் தயாரிப்பில் பதிவானவை. ஹூஸ்டன் லேபிளுக்குள் மெம்பிஸ் வாசனை இருப்பதைக் காது பழகிய பிறகு நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இனி விலைக்கு வருகிறேன். சோல் தட்டின் விலையைப் பெருமளவு தீர்மானித்தவர்கள் அமெரிக்கர்கள் அல்லர், வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் ஊர்களில் இரவெல்லாம் ஆடிய இளைஞர்கள். மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், பிறகு 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ என்று அந்த ஆட்டக்கூடங்கள் இருந்தன. அமெரிக்காவில் விலைபோகாமல் கிடந்த வேகமான பாட்டுகளை அங்கிருந்த டி.ஜே.க்கள் தேடியெடுத்து ஒலிக்கவிட்டார்கள். போட்டியாளர் பார்த்துவிடக் கூடாது என்று லேபிளின் மேல் வேறு காகிதத்தை ஒட்டிப் பொய்ப் பெயர் சூட்டிய கதைகளும் உண்டு. மோட்டவுனின் துணை லேபிளுக்காக பிராங்க் வில்சன் 1965இல் பாடிய தட்டு ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே எஞ்சியதால், 2009இல் 25,742 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்பனையானது.

இதிலிருந்து நமக்கு ஒரு வழி திறக்கிறது. ஆடுவதற்கு ஏற்ற தட்டுதான் விலை ஏறுகிறது. அதே ஆண்டில், அதே சிறு கம்பெனி, அதே எண்ணிக்கையில் அச்சிட்ட மெதுவான பாட்டு ஆட்டக்காரர்களுக்குப் பயன்படவில்லை என்பதால் பெரும்பாலும் மலிவாகவே கிடக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. மெதுவான பாட்டுகளையே தேடும் பித்தர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கண்வைத்த சில தட்டுகளை நாம் தொடவே முடியாது. ஆனாலும் பொதுவாக, அழுகையும் மன்றாட்டும் நிறைந்த இந்த வகைதான் நம்மைப் போன்ற எளிய சேகரிப்பாளருக்கு உரிய நிலம். இந்த வகையை ஆழ்ந்த சோல் என்ற பொருளில் டீப் சோல் என்பார்கள். அந்தப் பெயரையும், ஆட்டக்கூடத்து இசைக்கு நார்தர்ன் சோல் என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டேவ் காடின் என்ற ஒரே ஆங்கிலேயர்தான்.

அரிது என்ற சொல்லையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். டைரோன் டேவிஸ் சிகாகோவில் டாகர் லேபிளுக்குப் பாடியவை, ஜோ சைமன், ஜானி டெய்லர், லாட்டிமோர், பெட்டி ரைட் ஆகியோரின் நாற்பத்தைந்துகள் எல்லாம் அமெரிக்காவில் ஏராளமாக விற்றவை. அதனால்தான் அங்கே ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கின்றன. மும்பையில் அவற்றைக் கையில் வைத்திருப்பவரை நான் இருபது ஆண்டுகளில் மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே பெயரில் தொடங்க வேண்டுமென்றால் ஆன் பீபிள்ஸைச் சொல்வேன். ஹை லேபிளில் 1970களில் அவர் பாடியவற்றில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கலாம்.

முலுண்ட் மறுபதிப்பு:

மாட்டுங்கா ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 2,000 ரூபாய் என்ற வரம்பை அவர் மறந்துவிட்டார் என்று தோன்றுகிறது. ஐந்து டாலர் தட்டு ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால், அஞ்சல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து தட்டின் விலையை மிஞ்சிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். தனித்தட்டாக வாங்குவதாக இருந்தால் ஒரே விற்பனையாளரிடம் ஆறு ஏழு தட்டுகள் தேறும்வரை காத்திருந்து, சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தட்டின் எடை சுமார் 40 கிராம்தான், எனவே கூடுதல் தட்டுகளால் அஞ்சல் செலவு பெரிதாக ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குவது, மாதாமாதம் வாங்குவதைவிட லாபம்.

என்னைக் கேட்டால், தொடக்கக்காரர் மறுபதிப்புத் தொகுப்புகளிலிருந்து தொடங்குவதே முறை. சிகாகோவின் நியூமரோ குழுமம் 2003இல் தொடங்கியது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பில் மாஸ் நடத்திய கேப்சோல் என்ற சிறு கம்பெனியின் பாட்டுகள்தான் அதன் முதல் வெளியீடு. அசல்களைத் தனித்தனியாகத் தேடினால் ஆயுளும் பணமும் போய்விடும், தொகுப்பிலோ அந்தக் கம்பெனியின் கதையே எழுதி வருகிறது. இங்கிலாந்தின் ஏஸ் நிறுவனம் கென்ட் என்ற லேபிளில் 1982 முதல் இதே பணியைச் செய்துவருகிறது. திருட்டுப் பிரதிகள் மலிந்த இந்தத் துறையில், உரிமம் பெற்று வெளியிடுபவர்களை ஆதரிப்பது பாடியவர்களுக்கும் நல்லது.

ஐயா சொன்ன 25,742 பவுண்டு பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டாம்லா மோட்டவுன் அதை 1979இல் முறையாக வெளியிட்டது. அந்தப் பிரதி அசலின் விலையில் தூசுக்குச் சமம், பாட்டு அதே பாட்டுதான். காகித லேபிளுக்காகப் பணம் கொடுக்கிறோமா, பாட்டுக்காகவா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஊசிமுனை:

மறுபதிப்பா அசலா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, அது ஓயாத வழக்கு. கேட்டவர் கையில் இருக்கும் 14 தட்டுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

அமெரிக்க நாற்பத்தைந்துகளில் எல்லாமே வினைல் அல்ல. பல தொழிற்சாலைகள் ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தின. வினைல் தட்டில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுந்தியிருக்கும், ஸ்டைரீனிலோ பெரும்பாலும் மேலே ஒட்டப்பட்டிருக்கும். விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் ஓசையிலும் வேறுபாடு தெரியும். பழைய பெட்டி பிளேயர்களில் ஊசியைத் தாங்கியிருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஐந்து ஆறு கிராம் எடையோடு தட்டின் பள்ளத்தில் அழுத்தும். தேய்ந்த ஊசியும் சேர்ந்துகொண்டால், ஸ்டைரீன் தட்டு சில முறை ஓடிய பிறகே கரகரக்கத் தொடங்கிவிடும். இரண்டு கிராம் அளவில் ஓடும் காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள பிளேயர் ஒன்றுக்கு உங்கள் முதல் சில மாதப் பணத்தை ஒதுக்கினால், தட்டு வாங்குவது தள்ளிப்போனாலும் பெரியப்பாவின் தட்டுகள் பிழைக்கும்.

மும்பை மழைக்காலம் இன்னொரு எதிரி. பழைய காகித உறையில் பூஞ்சை இருந்தால் அதை எறிந்துவிட்டுப் புதிய உறைக்கு மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்காமல், நூலகப் புத்தகத்தைப் போல நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது ஒரு மொழிச்சிக்கலும் உண்டு. இசைத்தட்டு விற்கும் டிஸ்காக்ஸ் போன்ற இணையத்தளங்களில் தட்டின் நிலையை மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று தரம் பிரிப்பார்கள். வெரி குட் என்றால் மிக நன்று என்று நினைத்து முதலில் நானும் ஏமாந்தேன். அதன் உண்மையான பொருள், தேய்ந்தது ஆனாலும் கேட்கலாம் என்பதுதான். குட் என்று போட்டிருந்தால் ஓடிவிடுங்கள். கண்ணால் பார்த்துத் தரம் சொன்னாரா, ஓட்டிக் கேட்டுச் சொன்னாரா என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. லேபிளுக்கும் பாட்டு முடியும் இடத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் இருக்கும் எண்களின் படத்தையும் கேளுங்கள். மூல அச்சா, பிற்கால நகலா என்பதை அங்கேதான் சரிபார்க்க வேண்டும்.

உள்ளூரில் தேட விரும்பினால் சோர் பஜாரின் மட்டன் தெருவுக்குப் போகலாம், ஆனால் வெள்ளிக்கிழமை போக வேண்டாம், கடைகள் மூடியிருக்கும். சோல் இருக்கிறதா என்று கேட்டால் போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் தட்டை எடுத்து நீட்டுவார்கள். கோபப்படாமல் பெட்டியின் அடிவரை புரட்டிப் பாருங்கள்.

டோம்பிவிலிக்காரன்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. மாட்டுங்கா ஐயாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஹூஸ்டனிலிருந்து வந்த ஒரு பட அஞ்சலட்டை இன்னும் நினைவிருக்கிறது என்றார், அங்கே கப்பலில் பருத்தி ஏற்றியதாகப் பெரியப்பா சொல்வாராம்.

லாமிங்டன் சாலையில் அடாப்டர் கிடைத்தது. ஊசிமுனை அவர்களின் எச்சரிக்கைக்குப் பிறகு எங்கள் பிளேயரில் போட மனம் வரவில்லை. நல்ல பிளேயர் வைத்திருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை 14 தட்டுகளையும் ஒரே ஒரு முறை மட்டும் கேட்டோம். இப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒன்பது தட்டுகளில், ஒரு பக்கத்து லேபிளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் சிறிய கோடு போட்டிருக்கிறது. அந்த ஒன்பதில் ஏழு, மெதுவான பாட்டு உள்ள பக்கம். இந்தக் கோடுகளை மெல்ல அழித்துவிடலாமா, அல்லது அழித்தால் லேபிள் கெடுமா?

பி பக்கம் (மாட்டுங்கா):

அழிக்கவே அழிக்காதீர்கள். அவர் கேட்டாரா இல்லையா என்ற உங்கள் முதல் கேள்விக்கு அவரே எழுதிவைத்த விடை அது.

கேட்டதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. விற்பனைப் பட்டியல்களில் லேபிளில் எழுத்து இருந்தால் அதைக் குறையாகக் குறிப்பிட்டு விலையைக் குறைப்பார்கள். ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒரு பெண் தன் பெயரை நீல மையில் எழுதிவைத்த தட்டு, சுத்தமான லேபிள் உள்ள தட்டைவிட மலிவாகக் கிடைக்கும். பள்ளம் தேயாமல் இருந்தால் ஓசையில் எந்த வித்தியாசமும் இராது. என் அலமாரியில் பாதி அப்படி வாங்கியவைதான். தேடும்போது முதலில் அந்தக் குறிப்பு உள்ளவற்றைப் பாருங்கள், உங்கள் 2,000 ரூபாய் இன்னும் சற்றுத் தூரம் போகும்.