திருட்டா, களவா, ஒப்புமையா? கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து:
வணக்கம். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் முனைவர் பட்ட மாணவர்களுக்கான விதிமுறைக் கையேட்டைத் தமிழில் தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிறர் எழுத்தையோ கருத்தையோ தனதாகக் காட்டும் 'பிளேஜியரிசம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல்தான் நிற்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்து. இப்போதைக்குக் 'கருத்துத் திருட்டு' என்று போட்டிருக்கிறேன். சரியா?

கோவையிலிருந்து:
சரியில்லை. இந்த விழுக்காட்டைக் கணக்கிடும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. ஒருவர் கருத்தை முழுவதும் எடுத்து வேறு வாக்கியங்களில் எழுதினால் அது பெரும்பாலும் சிக்காது. 'எழுத்துத் திருட்டு' என்று வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
இலக்கணத்தில் எழுத்து என்பது ஒலி. ஒலியை எப்படித் திருடுவது? கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் 'பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்' என்கிறார். பொருள் செல்வமும் ஆகும், சொல்லின் பொருளும் ஆகும். இரண்டையும் தாங்கும் 'பொருட்களவு' இருக்கத் திருட்டு எதற்கு? பிளேஜியரிசத்தின் இலத்தீன் வேருக்கு ஆள் கடத்துபவன் என்று அர்த்தம். மார்ஷல் என்ற உரோமக் கவிஞர், தம் கவிதையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட இன்னொருவனை அந்தச் சொல்லால் சாடினார். நம் சொல்லின் வேர் அதைவிட நேரானது.

சென்னையிலிருந்து:
ஐயா, பொருட்களவு என்றால் மாணவர்கள் விடுதியில் சாமான் காணாமல் போனதாக நினைப்பார்கள். தமிழ்த்துறை மாணவருக்குக் களவு என்றதும் மணத்துக்கு முந்தைய மறைவான காதலைச் சொல்லும் களவியல்தான் நினைவுக்கு வரும். தலைவன் தலைவியைக் கையேட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பக்கத்தில் களவு அன்றாடச் சொல். 'களவெடுத்தவன்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அகத்திணையைக் காட்டி அதைத் தள்ளிவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
நன்றி. இன்னொன்று. 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்கிறது நன்னூல். பழஞ்சூத்திரத்தை அப்படியே எடுத்தாள்வது நம் மரபில் மரியாதை. அப்புறம் அந்த மானியக் குழு விதியில், தற்செயலாகவோ பொது அறிவாகவோ அமையும் தொடர்ச்சொற்களைப் பதினான்கு வரை விட்டுவிடலாம் என்று இருக்கிறது. நாலடி வெண்பாவுக்கு 15 சீர்! மூலம் காட்டிய மேற்கோள் கணக்கில் வராதுதான். ஆனாலும் இதைக் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:
எழுதுகிறேன் ஐயா. என் கவலை வேறு. போன பருவத்தில் ஒரு மாணவி அறிக்கையோடு அழுதுகொண்டே வந்தாள். 18 விழுக்காடு. பெரும்பகுதி முறையாக மூலம் காட்டிய சங்கப் பாடல்கள். தமிழ்க் குறிப்பில் அந்த எண்ணுக்குத் தலைப்பாகத் 'திருட்டு' என்று எழுதியிருந்தார்கள். எண் வேறு, குற்றம் வேறு. இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

சென்னையிலிருந்து:
எண்ணுக்கு 'ஒப்புமை விழுக்காடு' போதும். உ.வே.சா. குறுந்தொகைப் பதிப்பில் 'ஒப்புமைப் பகுதி' என்று ஒத்த அடிகளைத் திரட்டித் தருவார். அந்தச் சொல்லில் பழி இல்லை.

கோவையிலிருந்து:
இதை ஏற்கிறேன். குற்றத்துக்கு 'எழுத்துத் திருட்டு' என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மதுரையிலிருந்து:
வியாழன் இரவு ஆகிவிட்டது. ஒப்புமை விழுக்காட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. குற்றத்துக்குக் 'கருத்துத் திருட்டு' என்று நால்வர், 'எழுத்துத் திருட்டு' என்று இருவர் தனிமடலிலும் எழுதியிருக்கிறார்கள். மாணவர்களுக்குப் பழகிய சொல் என்பதால் முதலாவதையே வைக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
வையுங்கள். அடுத்த பதிப்பிலாவது அடைப்புக்குறிக்குள் பொருட்களவைச் சேருங்கள். நன்னூல் வரியைச் சீர் பிரித்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.